ஒன்று என்று சொல்கிற ஆள்

சிட்டு,

நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நன்றாக என்றால் முழங்கால் வலி பழையபடி, சாப்பாடு முக்கால், தூக்கம் பாதி. அப்பா போய் நாலு மாதம் ஆகப்போகிறது. போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே நான் அழுவேன், அதைக் கேட்டு நீ அழுவாய், சொல்ல வந்த விஷயம் நின்றுவிடும். எழுதினால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து எழுதலாம். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, குழாய்க்காரர் மூன்று தரம் வந்து பார்த்து, ஆமாம் ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மாடிவீட்டு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது, இப்போது நம் வாசலில் இருக்கிற தூசியெல்லாம் அவளுக்குத் தெரிகிறது.

உன்னை அங்கே கிடங்கில் ஆறு பேருக்குத் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள் என்றும், ஒருத்தரும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்றும், என்ன செய்யட்டும் அம்மா என்றும் கேட்டிருந்தாய். அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி. என்னிடம் கேட்டதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அதாவது நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அப்பா இருந்த இடத்தில் என்னைப் போட்டிருக்கிறார்கள் என்று முன்னமே சொன்னேன். இருபது வருஷம் போர்வை மடித்தவளைப் பிடித்து மணியைக் கையில் கொடுத்து, இனி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் மேனேஜர். உலர்த்தும் அறை உனக்கு ஞாபகம் இருக்கும், சின்னதில் எட்டிப் பார்த்துவிட்டு அடுப்புக்குள்ளே வீடு கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னாயே, அதுதான். ஈரத்துணியெல்லாம் உள்ளே தொங்கவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கோட்டில் வரிசையாக நின்று, தலையிலிருந்து ஒன்று இரண்டு என்று ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் கதவை இழுத்துக் கம்பி போட்டு, அப்பா மணி அடிப்பார். மணி கேட்டால் பாய்லர்காரன் நீராவியைத் திறப்பான். அப்பா முதலில் நின்று ஒன்று என்பார், கூரைத் தகரம் அதிரும். கடைசி ஆள் பன்னிரண்டு என்றால் சரி. ஒரு நாளைக்கு நாலு தரம், பதினேழு வருஷம், ஒரு தரம்கூட விட்டதில்லை. வீட்டிலும் கதவைப் பூட்டும்முன் நம் மூன்று பேரையும் எண்ணுவாரே, மூன்று பேரும் கண்முன்னால்தான் நிற்போம், அப்படியும் எண்ணுவார்.

அவர் போனபிறகு முதல் நாள் நான் வரிசைத் தலையில் போய் நின்றேன். ஒன்று என்று சொல்ல வாய் வரவில்லை. வாயாடி என்று ஒருத்தி உண்டே, துணிக்குக் கஞ்சி போடுகிறவள், அவள்தான், நீ ரெண்டுல இருந்து ஆரம்பிக்கா, அண்ணனுக்கு நாங்க சொல்றோம் என்றாள். எல்லோருமாகச் சேர்ந்து ஒன்று என்றார்கள். நான் இரண்டு என்றேன். கடைசியில் பன்னிரண்டு வந்தது. பதினோரு பேர் நிற்கிறோம், பன்னிரண்டு வருகிறது, எங்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. தினமும் அப்படியே செய்தோம். மேனேஜர் மட்டும் மொத்த ஆட்கள் பதினொன்று என்று புதுத்தாள் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனார்.

போன செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வரிசை நின்றது. அண்ணனுக்கு ஒன்று சொன்னார்கள், நான் இரண்டு சொன்னேன், போய்க்கொண்டே இருந்தது, கடைசி ஆள் பதினொன்று என்றாள். நான் சுவரைப் பார்த்தேன். சுவரிலும் பதினொன்று. சரியாக இருக்கிறது என்று கம்பியைப் போட்டு மணியை அடித்துவிட்டேன். எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை சிட்டு. செத்தவரையும் சேர்த்துப் பதினொன்று என்றால் உயிரோடு இருப்பதில் ஒருத்தி குறைகிறாள் என்று பதினோரு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

உள்ளே இருந்தது ஊமைக்கோட்டான் என்று நாங்கள் கூப்பிடுகிறவள். தலையணை உறை இரண்டு பின்பக்கம் விழுந்துவிட்டதாம், எடுக்கப் போயிருக்கிறாள். ஒன்பது வருஷமாக வேலை செய்கிறாள், வரிசையில் தன் எண்ணைத் தவிர வேறு வார்த்தை பேசினதில்லை, அதனால் அவள் இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. உள்ளே இருந்து டம் டம் என்று சத்தம் வந்தது. குழாய்ச் சூடு, அப்படித்தான் அடிக்கும் என்றேன் நான். வாயாடி காதை வைத்துக் கேட்டுவிட்டு, குழாய்னா ஏன்க்கா உன்னையும் உன் பரம்பரையையும் சேர்த்துத் திட்டுது என்றாள். ஓடிப்போய்க் கம்பியை எடுத்தோம். நீராவி வந்திருக்கவில்லை. ஏன் வரவில்லை என்றால், ஆமை என்று நாங்கள் பேர் வைத்திருக்கிற அந்தப் பாய்லர்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். பதினேழு வருஷமாக அப்பா அவனை அந்த டீக்காகத் திட்டியிருக்கிறார். இவன் மணிக்கு அசைவதில்லை, வேறு ஆளைப் போடுங்கள் என்று அதற்கு முந்தின நாள்தான் நான் மேனேஜரிடம் மனு கொடுத்திருந்தேன். நம் வீட்டு மானத்தையும் ஒரு உயிரையும் காப்பாற்றினது அந்த டீதான்.

ஊமைக்கோட்டான் வெளியே வந்து ஒன்பது வருஷத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசி முடித்தாள். அதில் எழுதக்கூடியது கொஞ்சம்தான். யாரும் வெளியே சொல்ல வேண்டாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அப்பாவாக இருந்தால் சொல்லியிருப்பார் என்பதால் இல்லை, மறுநாளும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் மணி அடிக்க வேண்டும். மேனேஜர், உங்களால் முடியுமா, வேறு ஆளைப் போடட்டுமா, வெள்ளிக்கிழமை சொல்லுங்கள் என்றார். மனுவைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நடந்ததைக் கேட்டு ஆமை பயந்துபோய், மறுநாளிலிருந்து மணி அடிக்கும்முன்னே வால்வில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். இப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் சொல்லிவிட்டேன், இனி அண்ணனை எண்ணக்கூடாது, நிற்கிறவர்களைத்தான் எண்ண வேண்டும் என்று. பெரிய சண்டை. பொண்டாட்டியே இப்படிச் சொன்னா எப்படிக்கா, நாலு மாசம்கூட முழுசா ஆகல, மனசாட்சி இருக்கா உனக்கு என்று வாயாடி கத்தினாள். இன்னொருத்தி அழுதாள். ஊமைக்கோட்டான்தான் கோட்டிலிருந்து நகராமல், அண்ணனுக்கு உள்ள சூடு படாது, எனக்குப் படும் என்றாள். வாயாடியும் கோட்டில் வந்து நின்றாள்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. அந்த வார்த்தையைச் சொன்னால் அவரை நானே அந்த இடத்திலிருந்து தள்ளிவிட்டது மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, வாயாடியே பொறுக்க மாட்டாமல், சொல்லித் தொலைக்கா, எங்களுக்கும் கால் வலிக்குது என்றாள். சொன்னேன். தகரம் அதிரவில்லை. மூன்றாவது ஆளுக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள். இன்னொரு தரமும் சொன்னேன். பதினொன்றில் முடிந்தது. ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்துக்கொண்டே போய்க் கம்பி போட்டேன். வெள்ளிக்கிழமை மேனேஜரிடம் முடியும் என்று சொல்லியிருக்கிறேன்.

உனக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அந்த ஆறு பேரும் உன்மேல் பிரியமாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, எண்ணு. பிரியமாக இருந்தால் இரண்டு தரம் எண்ணு. யாராவது எரிச்சல்பட்டால் படட்டும், எரிச்சல்படுகிற ஆள் வெளியே நிற்கிறாள் என்று அர்த்தம். ஒரு தரம் தப்பினால் மூடி மறைக்காதே. சத்தம் போடாத பிள்ளை யார் என்று பார்த்து, முதலில் அவளைத் தேடு.

தலைக்கு எண்ணெய் வை. இரண்டு காலுறை போடு. அப்பாவின் கடைசி நாளில் உன்னால் வர முடியாமல் போனதை நினைத்து மனசைப் போட்டு உருட்டாதே, அவர் கதவைப் பூட்டும்போது நீ ஊருக்குப் போனபிறகும் மூன்று வரைக்கும்தான் எண்ணினார், உனக்குப் பதிலாக நான் சொல்வேன். நீ எடுக்கிற காரியமெல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும், உன்கீழே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் முழுசாக வீடு போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

உறையில் போடும்முன் ஒன்று கேட்க வேண்டும் என்று தோன்றியது. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் நான் அவரைக் கேட்டதில்லை, உனக்கும் தெரிந்திருக்காது. வரிசையில் முதல் ஆளாக ஒன்று என்று அத்தனை சத்தமாகச் சொன்னாரே அப்பா, அது பயமில்லாத சத்தமா, இல்லை பயத்தில்தான் அத்தனை சத்தமா?