வியாழக்கிழமைக்குள் உங்கள் குரல்

அன்புள்ள அத்தாவுக்கு, கைனாத்தின் ஸலாம். தொண்டையில் கஞ்சியாவது இறங்குகிறதா? எனக்குக் கொஞ்சம் அசதி, வேறொன்றுமில்லை.

போன வாரம் குரோம்பேட்டை ஸ்டூடியோவில் ஒரு டீச்சரின் பாடத்தை, கம்ப்யூட்டரில் இடம் மிச்சமாகட்டும் என்று, ஒலியின் நுணுக்கம் குறைந்த எட்டு பிட்டில் பதிந்துவிட்டேன். அவர் மெல்லப் பேசிய இடங்களில் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் கூடியது. "இன்னா கைனாத்து, டீச்சர் பாடம் நடத்துறாங்களா, அப்பளம் பொரிக்கிறாங்களா?" என்றார் முதலாளி ஷ்யாம்சுந்தர் அண்ணா. முதலில் பதியாததைப் பிறகு எதனாலும் வரவழைக்க முடியாது. நல்லவேளை, டீச்சர் வந்து மறுபடி வாசித்தார்.

ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் குரல் மாறலாம் என்று டாக்டர் சொன்னாராமே. வியாழக்கிழமைக்குள் அம்மாவின் போனில் ரெக்கார்டரை இருபத்து நான்கு பிட், நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் ஒலி மாதிரிகள் என்று வைத்து, ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசி, மெயிலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குரலை நசுக்கிவிடும்.

அடுத்த ரெக்கார்டிங்குக்கு ஆள் வந்தாயிற்று. அதிகம் பேச வேண்டாம், அத்தா. என்னைச் சாப்பிடக் கூப்பிடுவீர்களே, அது போதும்.

கைனாத்