இடுப்பளவுத் தண்ணீரில்

நெய்தல் நகர்,
கோவளம் அருகில்.
12.1.2025

சிவசங்கர் அப்பாவுக்கு,

அம்சவல்லி எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அக்காவுக்குக் கால் கட்டைப் பிரிக்க இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். போனில் பேசினால் உங்களுக்குக் காதில் விழுவதில்லை. நம் பையன் கத்திச் சொல்வது ஒன்று, நீங்கள் புரிந்துகொள்வது வேறொன்று. "எட்டாங்கிளாஸ் படிச்சவதானே, ஒக்காந்து எழுதுடி" என்று சரோஜாக்காதான் பேப்பரும் பேனாவும் கொடுத்தாள்.

இந்தத் தெருவில் எல்லாருமே வயசானவர்கள். பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கிறார்கள். அறுபதைத் தொடப்போகும் என்னை இங்கே "அந்தப் பொண்ணு" என்கிறார்கள்! விடியும்போதே கதவுகள் திறந்துவிடுகின்றன. ஒருவர் பின் ஒருவராக, செருப்புகூடப் போடாமல், கடலுக்குப் போகிறார்கள். நம் வாசலில் கண்டெய்னர் லாரி போனால் அடுக்கிய பாத்திரமெல்லாம் நடுங்குமே, இங்கே என் மூச்சு எனக்கே கேட்கிறது.

நேற்று நானும் போனேன். கல்யாண வேனில் மாமல்லபுரம் போனபோது கடலைப் பார்த்தது கணக்கில் சேராது. நேற்று வெறும் மணலில் தனியாக நின்றேன். சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து ஈரத்தோடு எழுந்து வந்த மாதிரி இருந்தது. கை தானாகக் குவிந்துவிட்டது. சாமியிடம் எதுவுமே கேட்காமல் நான் கும்பிட்டது அதுதான் முதல் தடவை. செம்பரம்பாக்கம் ஏரியைத்தான் இத்தனை நாளும் பெரிய தண்ணீர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாடி அறை சும்மா கிடக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் இங்கேயே வந்து இருந்துவிடுங்கள் என்கிறாள் அக்கா. சுகர் மாத்திரையை மறக்காதீர்கள். காவேரி சமையலைக் குறை சொல்லாதீர்கள், பாவம், வேலைக்கும் போய்க்கொண்டு மாமனாருக்கும் வடித்துக் கொட்டுகிற மருமகள்.

இப்படிக்கு,
அம்சவல்லி


சேரப்பணஞ்சேரி
21.1.2025

அம்சாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லாரும் சௌக்கியம். காவேரிக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட், சிவசங்கருக்கு ஓவர்டைம். ஆகவே சமையல் நான்தான். குறை சொல்ல ஆளில்லை.

உன் அக்கா அன்பாகக் கூப்பிட்டதற்குச் சந்தோஷம் என்று சொல். ஆனால் நடக்கிற காரியமாகப் பேசு. கார் கம்பெனி பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த எனக்கு இந்த டிரெய்லர் யார்டில்தான் மரியாதை இருக்கிறது. கோதண்டம் கை காட்டினால் டிரைவர் கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுப்பான். புதுக் கார்களை அடுக்கிய அவ்வளவு நீள வண்டி, என் ஒரு விரலுக்கு நிற்கிறது. அதை விட்டுவிட்டு அங்கே வந்து அலையை எண்ணச் சொல்கிறாயா?

மேல் வீட்டில் குடியிருக்கும் தெற்கத்திப் பையன் பேச்சிராஜ் உன்னைத் தினமும் விசாரிக்கிறான். யார்டில் ஒருத்தன், நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று நின்று நிதானமாகக் கேட்டான்: "இன்னா பெர்சு, வூட்டம்மா கடலப் பாத்துட்டு அங்கியே தங்கிக்கினாங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கட்டைப் பிரித்ததும் கிளம்பி வா.

கோதண்டம்


நெய்தல் நகர்
16.2.2025

சிவசங்கர் அப்பாவுக்கு,

அக்காவுக்கு நேற்றுக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். கைத்தடி வைத்துக்கொண்டு நடக்கிறாள். அதற்கு முந்தின நாள் இங்கே நடந்ததை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

எதிர் வீட்டில் நயினார் என்று ஒரு பெரியவர், தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ரயில்வேயில் இருந்தவர். இப்போது ஞாபகம் தப்பிவிட்டது. அவர் மனைவி லீலாம்மா கையை விடாமல் கூட்டிக்கொண்டு நடப்பார்கள். வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மா கீழே விழுந்த கண்ணாடியை எடுக்கக் குனிந்திருக்கிறார்கள். நிமிர்ந்தால் இவர் வேட்டியோடு கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறார். மீன்பிடிப் படகெல்லாம் போய்விட்டது. கரையில் வயசுப் பிள்ளை ஒருவர்கூட இல்லை. எங்கள் தெரு ஜனங்கள் மட்டும்தான்.

"கையப் பிடிங்க! யாரும் தனியா எறங்காதீங்க!" என்று ஒரு வாத்தியாரம்மா கத்தினார்கள். அவ்வளவுதான். முட்டி மாற்றினவர், நெஞ்சில் மெஷின் வைத்தவர், பேரன் எடுத்தவர், கொள்ளுப்பேரன் எடுத்தவர் எல்லாரும் மணிக்கட்டோடு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையாகத் தண்ணீரில் இறங்கினார்கள். எனக்குச் சேற்றில் நாற்று நட்ட கால், அதனால் முன்னால் நான் போனேன். இடுப்பளவுத் தண்ணீரில் அவரைப் பிடித்துவிட்டேன். அவரோ என்னை இழுக்கிறார்.

"விடும்மா, வண்டி வந்துட்டு. சத்தம் கேக்கலியா?"

அலைச் சத்தத்தை அவர் ரயில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ, "கேக்குதுங்க ஐயா. இது இங்க நிக்காதாம். பின்னாடி ஒண்ணு வருது, அதுல போலாம்" என்றேன்.

"எக்ஸ்பிரஸ்ஸா?"

"ஆமாங்க ஐயா."

"அப்பம் சரி" என்று கையைக் கொடுத்தார்.

அப்போதுதான் பெரிய அலை ஒன்று வந்தது. எங்கள் தலைக்கு மேல் போனது. கண்ணில் காதில் எல்லாம் உப்பு. காலடி மண் சரிந்தது, போய்விட்டோம் என்றே நினைத்தேன். ஆனால் என் இடது கையைப் பிடித்திருந்த கை விடவே இல்லை. தண்ணீர் வடிந்ததும் திரும்பிப் பார்க்கிறேன். என்னிலிருந்து மணல் வரைக்கும் நனைந்த வெள்ளைத் தலைகள். ஒரு கைகூடப் பிடி விடவில்லை. கடலைப் பார்த்து நான் பிரமித்ததெல்லாம் ஒன்றுமேயில்லை என்று அந்த நிமிஷம் தோன்றியது.

கரைக்கு வந்து எல்லாரும் மணலில் விழுந்து கிடந்தோம். யாரோ சிரித்தார்கள். அப்புறம் அத்தனை பேரும் சிரித்தோம். லீலாம்மா மட்டும் அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டே அழுதார்கள்.

நாற்பது வருஷத்தில் உங்களிடம் எதையும் நான் இப்படிக் கேட்டதில்லை. எனக்கு இங்கே இருக்க வேண்டும் போலிருக்கிறது. உங்களை விட்டுவிட்டு அல்ல. நீங்களும் வாருங்கள். கோபம் வந்தால் வரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அம்சவல்லி


சேரப்பணஞ்சேரி
25.2.2025

அம்சவல்லிக்கு,

கோபம் வந்தது. மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கையோடு கூட்டிவரக் கிளம்பினேன். படப்பையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, வண்டலூரில் ஒன்று, கேளம்பாக்கத்தில் ஒன்று என்று மாறி வந்தேன். வீட்டைத் தேடுவதற்கு முன்னால் கரைக்கு வந்துவிட்டேன்.

மண்ணில் கால் வைத்ததும் உள்ளங்கால் வழியாக ஏதோ ஏறி நெஞ்சில் மோதியது. பிரஸ் இறங்கும்போது அப்படித்தான் தரை அதிரும். அது வலிக்கும், இது வலிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது, அம்சா, அது காதிலும் கேட்கிறது என்று. எனக்குக் கேட்கிறது! யார் பேசினாலும் கேட்காத காதில் கடல் கேட்கிறது. அங்கேயே நின்றுவிட்டேன்.

அப்போது உன்னைப் பார்த்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றிருந்தாய். ஒரு பெரியவரை நடுவில் விட்டு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் ஒரு அம்மா. அலை வரும்போதெல்லாம் மூன்று பேரும் குதித்தீர்கள். நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். உனக்கு அப்படிச் சிரிக்க வரும் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய கடலுக்கு முன்னால் நீ சின்னதாகத் தெரியவில்லை.

கூப்பிட வாயைத் திறந்தேன். "ஏய்" என்றுதான் இத்தனை வருஷமும் கூப்பிட்டிருக்கிறேன். அது வாயில் வரவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. ஒரு படகுக்குப் பின்னால் நின்று வெயில் ஏறும்வரை பார்த்துவிட்டு, வந்த வழியே பஸ் ஏறிவிட்டேன்.

அலையை எண்ணச் சொல்கிறாயா என்று எழுதினேனே, அது வீம்பு. உள்ளே இருந்தது பயம்தான். இங்கே நான் கோதண்டம். அங்கே வந்தால் யார் என்ன சொன்னாலும் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும் ஒரு செவிட்டுக் கிழவன். அதை நினைத்தால்தான் கால் வரமாட்டேன் என்கிறது.

இருந்தாலும் கேட்கிறேன். இதுவரை எதையும் உன்னைக் கேட்டு நான் செய்ததில்லை. நான் அங்கே வந்து உன்னோடு இருக்கட்டுமா? உனக்குச் சம்மதமா?

கோதண்டம்


நெய்தல் நகர்
1.3.2025

என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் கடிதத்தை மணலில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு எழுந்து போய், எந்தப் படகுக்குப் பின்னால் நின்றிருப்பீர்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாப் படகுக்குப் பின்னாலும் நீங்கள் நின்ற மாதிரியே இருந்தது.

இந்தத் தெருவில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. ஒருவர் மழை என்றால் மற்றவர் விலை என்று நினைத்துப் பதில் சொல்வார். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. அடுத்தது நம் முறை என்று எல்லாருக்கும் தெரியும்.

பிள்ளையிடமும் காவேரியிடமும் சொல்லிவிட்டு வாருங்கள். நான் வீட்டில் இல்லையென்றால் தண்ணீரில் இருப்பேன். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்றீர்களே, பேர் சொல்லியே கூப்பிடுங்கள். அலைச் சத்தத்தில் எனக்குக் கேட்காவிட்டால் இன்னும் சத்தமாகக் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பேன்.

உங்கள்
அம்சவல்லி