நான் அனுப்பிய தேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்.

நான் அனுப்பிய தேனை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாக்கில் ஒவ்வொரு சொட்டாக வைத்து, "பாலும் தேனும் ஓடுற தேசத்துல இருந்து என் மகன் அனுப்பினது" என்று சொன்னீர்களாம். தங்கச்சி எழுதியிருந்தாள். படித்ததிலிருந்து எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

அது கடையில் வாங்கியதில்லை, அம்மா. இறந்துபோனவர்களின் வீட்டைக் காலி செய்து கொடுப்பதுதானே என் வேலை? ஒரு பெரியவரின் சமையலறை அலமாரியில் அது திறக்காமல் இருந்தது. எப்படியும் குப்பைக்குத்தான் போகும் என்று என் பைக்குள் போட்டுக்கொண்டேன். மறுவாரம் அவருடைய மகள் வந்தார். "அப்பா வளர்த்த தேனீயோட கடைசித் தேன். மூடியில அவர் கையெழுத்து இருக்கும். பாத்தீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் சொன்ன பைபிள் கதையில், செத்த சிங்கத்துக்குள்ளிருந்து எடுத்த தேனைச் சிம்சோன் தாய் தகப்பனுக்குக் கொடுத்தான், எங்கே எடுத்தான் என்று மட்டும் சொல்லவில்லை. "ஏம்மா சொல்லல?" என்று சின்ன வயதில் உங்களைக் கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். இப்போது எனக்கே தெரிகிறது.

தேனைக் கொண்டுவந்து கொடுத்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் லீவு முடிந்து திரும்பும்போது, பாட்டிலைக் கொடுத்தனுப்புங்கள். காலியானாலும் பரவாயில்லை, அந்த மகளிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மூடியை மட்டும் கழுவிவிடாதீர்கள். அண்ணன் இல்லாமல் அறை வெறிச்சென்று இருக்கிறது; முடிந்தால் என் பழைய போர்வையையும் வையுங்கள்.

கீழே வண்டி ஹாரன் அடிக்கிறது. இன்றைக்கு வேறொரு வீடு. என் பையை அறையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

உங்கள் மகன்