பத்தாவது பட்டன்

4.10.87, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். நேற்றுக் கடைசி பஸ்ஸில் பெங்களூர் பார்சல் வந்துவிட்டது. சிநேகிதன் கோபால் சொன்ன சொல் தவறாதவன். அவன் ஆபீஸில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் கீபோர்டு. இரண்டு பட்டன் உடைசல். பரவாயில்லை, எனக்கு மேல் வரிசைப் பத்து போதும்.

மைக்ரோகன்ட்ரோலர் போர்டு போன வருஷம் வாங்கியது. பொழுதுபோகாமல் சின்ன விளக்குகளை எரியவிட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் அதற்கு ஒரு வேலை.

கீபோர்டு வயரைச் சீவிப் பார்த்ததில் வேண்டியது நாலு கம்பி. ஐந்து வோல்ட், எர்த், கிளாக், டேட்டா.

பெண்டாட்டி பவுனுக்கு வாதத்தில் பேச்சு போய் இன்றோடு ஏழு வாரம். வலது பக்கம் முழுக்க இல்லை. இடது கையைத் தூக்க முடியாது, விரல் மட்டும் அசைகிறது. பட்டனை அமுக்கலாம். அமுக்கினால் போர்டில் நம்பர் எரியும். நம்பருக்கு இன்னது என்று ஒரு பட்டியல். அவ்வளவுதான் திட்டம்.

மத்தியானம் எதிர்ச் சரிவிலிருந்து மாமியாரின் கூ என்ற கூவல். அங்கே மலைக் கொல்லையில் சாமைப் பயிருக்குக் காவல். ஓடை இறங்கி ஏறி வர ஒன்றரை மணி நேரம், குரல் வர இரண்டு நொடி. கல்யாணமான நாளிலிருந்து பவுனு பின்பக்கப் பாறையில் நின்று பதில் கூ கொடுப்பாள். இருக்கிறேன், சாப்பிட்டேன் என்று அர்த்தம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறவன் பெண்டாட்டிக்கு இது எதற்கு என்று கேலி செய்வேன். இப்போது நான் போய்ப் பாறையில் துண்டை ஆட்டுகிறேன். எனக்குக் கூ வராது. ஒரு தடவை முயன்றபோது நரி என்று சொல்லி இரண்டு நாள் சிரித்தாள்.

7.10, புதன்
புரோகிராம் எழுபத்திரண்டு எண். ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றி முடிக்கும்போது கரண்ட் போனது. கரண்ட் போனால் போர்டுக்கு எல்லாம் மறந்துபோகும். இன்று மூன்று தடவை.

பழைய லாரி பேட்டரி ஒன்று எக்ஸ்சேஞ்ச் பின்னால் கிடந்தது. கேட்டு வாங்கி வந்து மாட்டினேன். இனி மறக்காது.

அரிசி தீர்ந்தது. மருந்து ஞாயிறு வரை வரும்.

9.10, வெள்ளி
ஒன்றை அமுக்கினால் 02. விரலை எடுத்தால் 82. இரண்டை அமுக்கினால் 03, எடுத்தால் 83. தலை சுற்றியது. சாயங்காலம் கோபாலுக்கு டிரங்க் கால் போட்டேன். அவன் சிரித்தான். அமுக்கும்போது ஒரு செய்தி, எடுக்கும்போது ஒரு செய்தி, அது அப்படித்தான் என்றான். எடுப்பதை விட்டுவிடு, அமுக்குவதை மட்டும் எடுத்துக்கொள். அப்படியே மாற்றினேன். நம்பர் நின்று எரிகிறது. பஸ்ஸரும் கத்துகிறது, சமையலறை வரை கேட்கும்.

11.10, ஞாயிறு
வெயில். பட்டியல் எழுதி, சீட்டு வெட்டி, சோற்றுப் பசையில் ஒட்டினேன்.

1 தண்ணீர்
2 பசி
3 வலி
4 வெளிக்கு
5 திருப்பிப் படுக்க வை
6 போர்வை
7 விளக்கு
8 சாமி படம்
9 போதும்

பத்தாவதுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சும்மா விட்டேன்.

மாமியார் காலையிலேயே வந்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். "ஒரு அட்டையில எய்தி நீயே ஒண்ணொண்ணா கேட்டா கண்ண மூடிக் காட்டமாட்டாளா, மாப்ள?"

காட்டுவாள். அது எனக்கும் தெரியும். கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இந்த நோட்டில் சொல்லலாம். எட்டு வாரமாக அவள் முகத்தை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை. கம்பியைப் பார்க்க முடிகிறது.

மாமியார் கொல்லைக்குத் திரும்பிய பிறகு கீபோர்டை அவள் கைக்கடியில் வைத்தேன். மூன்று அமுக்கினாள், தைலம் தடவினேன். ஒன்று அமுக்கினாள், தண்ணீர். அப்புறம் பத்து. மறுபடி பத்து. சீட்டு இல்லாததை அமுக்காதே என்றேன். பத்து.

13.10, செவ்வாய்
பகலில் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா சொன்னது: "உச்சி வேளையானா அந்தச் சும்மா பட்டனையே அமுக்கிகினு கெடக்குது தம்பி. இன்னான்னே தெரியல."

விரல் நடுக்கமாக இருக்கும். அல்லது பட்டனுக்குள் தூசி.

14.10, புதன்
லீவு. கீபோர்டைப் பிரித்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். திரும்பவும் அதே பத்து. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி அந்தப் பட்டன் மூடியையே கழற்றிவிட்டேன். கோளாறு தீர்ந்தது.

16.10, வெள்ளி
இரண்டு நாளாக அவள் எதையுமே அமுக்கவில்லை. தண்ணீர்கூட. அக்காதான் கேட்டுக் கேட்டுக் கொடுக்கிறாள். போர்டைச் சோதித்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

18.10, ஞாயிறு
மேகம். மத்தியானம் நான் அவள் பக்கத்தில் சாலிடர் வைத்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சரிவிலிருந்து கூ. துண்டை எடுக்க எழுந்தவன் திரும்பிப் பார்த்தேன்.

அவள் விரல் நகர்ந்து நகர்ந்து, மூடி கழன்ற இடத்தில் மொட்டையாக நிற்கும் குச்சியில் போய் நின்றது. அமுக்கப் பார்க்கிறது. வழுக்குகிறது. கண் ஜன்னல் பக்கம்.

நான் மடையன். உச்சி வேளை என்று அக்கா என் காதில் போட்டாளே. தண்ணீர், போர்வை, வெளிக்கு. ஒரு நோயாளிக்கு என்ன வேண்டும் என்று எழுதினேன், பவுனுக்கு என்ன வேண்டும் என்று எழுதவில்லை. அவளாகப் பேசக் கேட்ட ஒரே பட்டனை நெம்பி எடுத்து டப்பாவில் போட்டேன்.

"உங்க அம்மாவுக்குக் கூ கொடுக்கணுமா?" என்று கேட்டேன். முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். கண்ணை மூடித் திறந்தாள். தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்தேன்.

20.10, செவ்வாய்
ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன். திருப்பத்தூர் போய் லாரி ஹாரன், அதைப் போர்டோடு இணைக்க ஒரு ரிலே வாங்கினேன். மதியத்துக்குள் திரும்பினேன். ஹாரனைப் பாறைமேல் கட்டினேன். மூடியைத் திரும்ப மாட்டினேன்.

அங்கிருந்து கூ வந்தது. அவள் பத்தை அமுக்கினாள். ஹாரன் அலறியது. விரலை எடுத்தாள், நிற்கவில்லை. எடுக்கும் செய்தியைத்தான் நான் தூக்கிப் போட்டிருந்தேனே. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது, அக்கா காதைப் பொத்தினாள், நான் ஓடிப்போய் ஹாரன் வயரைப் பிடுங்கினேன். திரும்பினால் பவுனு சிரிக்கிறாள். பாதி வாயால். ஒன்பது வாரத்தில் முதல் தடவை.

பத்திலிருந்து விரலை எடுத்தால் வரும் நம்பர் 8B. உட்கார்ந்து அதைச் சேர்த்தேன். அமுக்கினால் கூ, எடுத்தால் நிற்கும். மறுபடி வயரைச் சொருகினேன். அவளாகவே நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று கொடுத்தாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரோடு இல்லாத பாறைமேல் ஏது லாரி என்று மாமியார் யோசித்திருப்பார். அப்புறம் வந்தது பதில். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று.

21.10, புதன்
கூ. பதில். கஞ்சி முழுக்கக் குடித்தாள்.

22.10, வியாழன்
கூ. பதில். காய்ச்சல் நூற்று இரண்டு. நாளை ஜீப் கேட்க வேண்டும்.

23.10, வெள்ளி
விடியற்காலை போய்விட்டாள்.

24.10, சனி
பவுனு வீட்டு வழக்கப்படி கொல்லையோரம் மண்ணில் வைத்தோம். மாமியார் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "மூணு நாளு எம் பொண்ணு கூப்ட்டா மாப்ள. நான் காதால கேட்டேன்."

பதினொன்றாம் தேதியிலிருந்தே அவர் கேட்டிருக்கலாம். ஒன்பது நாளை நான் தின்றுவிட்டேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

25.10, ஞாயிறு
மழை வரும்போல் இருக்கிறது. கட்டிலை வெளியே போட்டேன். மருந்துச் சீசாக்களை அக்கா எடுத்துப் போனாள். பேட்டரியைக் கழற்றலாம் என்று போனேன். கழற்றினால் எழுபத்தெட்டு எண்ணும் மறந்துபோகும். கழற்றவில்லை.

மாமியார் காலையிலேயே கொல்லைக்குப் போய்விட்டதாக அக்கா சொன்னாள். மழைக்கு முன் சாமை அறுத்தாக வேண்டும்.

உச்சி வேளை. எதிர்ச் சரிவிலிருந்து கூ கிளம்பியது. பழக்கம். பாதியில் நினைவு வந்திருக்கும், அப்படியே அறுந்து நின்றது.

பத்தை அமுக்கினேன். அங்கிருந்து பதில் வந்தது. நான் விரலை எடுக்கவில்லை.