தென்மேற்கு மூலைத் தண்ணீர்

6-10-96, ஞாயிறு

கட்டிலை விட்டுக் காலை வைத்தால் சளக்கென்றது. தென்மேற்கு அறைக்குள் மறுபடியும் தண்ணீர். கோணிச்சாக்கால் ஒற்றி ஒற்றிப் பிழிந்தேன், பன்னிரண்டு வாளி. இவர் வாசலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். மோகனப்பிரியாவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர இன்னும் ஐந்து வாரம். அவள் படுக்க வேண்டிய அறை இது. இடுப்புயரத்துக்குச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது.

வாரம் முழுக்க ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை சாக்கு. நல்ல பிழைப்பு.

9-10-96, புதன்

போத்தனூர் ஆபீசுக்கே சம்பந்தியம்மா போன் செய்தார். "ஈர ஊட்டுல பச்சக் கொழந்தைய எப்படீங்க வெச்சிருப்பீங்க? நாங்களே இங்க பாத்துக்கறோமுங்க." மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் சுருக்கென்றது. தலைப்பிரசவம்கூட என் வீட்டில் இல்லையென்றால் நான் என்ன அம்மா?

13-10-96, ஞாயிறு

மேஸ்திரி சென்னகிருஷ்ணன் வந்தார். திறந்த வாய்க்கால் கட்டலாம் என்றார். வேண்டாம், பாம்பும் பல்லியும் குடியேறும் என்றேன். அப்படியானால் வீட்டைச் சுற்றிக் குழி எடுத்து, ஓட்டை போட்ட பைப் வைத்து, ஜல்லி கொட்டி மூடலாம் என்றார். அதுவே சரி என்றேன்.

"எது செஞ்சாலும் தண்ணி வெளிய போறதுக்கு ஒரு வாய் வேணுமுங்கம்மா." கண்ணாடி டியூபில் தண்ணீர் ஊற்றி நாலு மூலையிலும் மட்டம் பார்த்தார். வடகிழக்கு ஒன்றரை அடி மேடு. தென்மேற்குதான் பள்ளம். அதையொட்டி வரப்பு, வரப்புக்கு அந்தப் பக்கம் கொழுந்தனார் குமாரசாமியின் தென்னந்தோப்பு.

முன்பெல்லாம் மழைத்தண்ணீர் அந்தத் தோப்பு வழியாகத்தான் போகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வரப்பை ஒரு முழம் உயர்த்திவிட்டார்.

"அந்தப் பக்கம் பேச்சே ஆகாது" என்று எழுந்து போய்விட்டார் இவர்.

14-10-96

வரப்பு ஏன் உயர்ந்தது என்று எழுதிவிடுகிறேன். எனக்காவது நான் பொய் சொல்லாமல் இருக்கலாமே.

மோகனப்பிரியா கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, கிணற்றுத் தண்ணீர் முறைக்காக அண்ணன் தம்பிக்குள் வாய்த்தகராறு. அந்த வீம்பில் இவர் கூப்பிடு தூரத்தில் இருக்கும் சொந்தத் தம்பிக்குக் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போட்டார். வெற்றிலை பாக்குத் தட்டோடு புருஷனும் பெண்டாட்டியும் படியேறிக் கொடுக்க வேண்டியதை, மதுக்கரை போஸ்டாபீசில் ஸ்டாம்பு ஒட்டி! குமாரசாமி வரவில்லை. எப்படி வருவார்?

உறையில் விலாசம் எழுதியது நான்தான்.

20-10-96, ஞாயிறு

வாஸ்துக்காரர் ஒருவரை இவர் பிடித்து வந்தார். தண்ணீர் ஈசானி மூலையில்தான் வெளியேற வேண்டுமாம். ஈசானி என்றால் வடகிழக்கு. இவருக்கு முகமெல்லாம் பல். தம்பியிடம் போகாமல் இருக்கச் சாஸ்திரமே துணைக்கு வந்துவிட்டதே.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "மேட்டுக்குத் தண்ணி ஏறாதுங்களே." "ஆழமா வெட்டுங்க, ஏறும்" என்றார் இவர். வெட்டுகிறார்கள். எனக்கு வாதாடத் தெம்பில்லை.

30-10-96

பெய்தது. ஈசானிக் குழி நிரம்பி, பைப் வழியாகத் திரும்பி வந்து, அறைக்குள் முழங்கால் அளவு. முன்பு வெறும் தண்ணீர், இப்போது சேறு.

கத்திவிட்டேன். முப்பது வருஷத்தில் இப்படிக் கத்தியதில்லை. "உங்க வீம்புக்கு எம்புள்ள பெரசவத்த எங்கியோ பாத்துக்கோணுமா? தபால்ல போட்டீங்கல்ல, இப்பத் தண்ணியையும் தபால்ல அனுப்புங்க!"

ராத்திரி இவர் சாப்பிடவில்லை. பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் கூப்பிடவில்லை.

3-11-96, ஞாயிறு

காலையில் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்து, "அம்மணி, அந்தத் தட்டத்த எடு" என்றார். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய். நானே வைத்தேன். இரண்டு பேருமாக வரப்பேறிப் போனோம்.

குமாரசாமி மோட்டார் ரூம் வாசலில் நின்றிருந்தார். தட்டைப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, என்ன விசேசமுங்க?"

இவர் தட்டை நீட்டினார். "தண்ணி... போறதுக்கு வழி வேணும் குமாரசாமி."

"கல்யாணத்துக்குத் தபாலு. தண்ணிக்குத் தட்டமுங்களா" என்றார் குமாரசாமி.

எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. ஆனால் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

4-11-96

ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் வரப்பு வெட்டியிருந்தது. மேஸ்திரி இல்லை, குமாரசாமியே மம்முட்டியோடு வந்தாராம். இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

9-11-96

குழியைத் தென்மேற்காகத் திருப்பியாயிற்று. மூலையில் ஒரு சின்னத் தொட்டி, இலை உள்ளே போகாதபடி மேலே ஒரு கம்பிவலை. நாளை தீபாவளி. பலகாரம் சுட எனக்குக் கை எழவில்லை.

14-11-96

மோகனப்பிரியா வந்துவிட்டாள். சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. பத்துத் தடவையாவது அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். பழைய ஓதம்தான், புதிதாக ஏறவில்லை.

8-12-96, ஞாயிறு

பேத்திக்கு ஒன்பது நாள். காலையில் மழையோடு குமாரசாமி வந்தார். குழந்தையைப் பார்த்தார், சிரித்தார். துண்டுக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்து மோகனப்பிரியாவிடம் நீட்டினார். அரக்குப் பட்டு.

"உங் கல்யாணத்துக்கு எடுத்ததுதான் கண்ணு. அண்ணன் வந்து கூப்புடுவாருன்னு, முன்னாடியே எடுத்து வெச்சுப்போட்டேன்."

இரண்டு வருஷமாகப் பீரோவில் கிடந்து, மடிப்பு விழுந்த இடத்திலெல்லாம் சரிகை வெட்டியிருந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "தீட்டுக் கழிஞ்சதும் இதத்தான் கட்டிக்குவேனுங்க சித்தப்பா" என்றாள்.

இவர் எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொட்டும் மழையில் தொட்டியோரம் குத்தவைத்து, ஒரு இலைகூட இல்லாத கம்பிவலையைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி போய்க் குடை பிடித்தார்.