நாலு விரல் நீண்ட பில்டர்

வியாழன், இரவு

பாரம் ஏறினால் வண்டி தாழும் என்று நான் இன்று சொல்லவில்லை.

காலையில் அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஒர்க்‌ஷாப்பில் அவனுடைய குட்டியானை லோடு வண்டிக்கு, அதைவிடப் பெரிய வண்டியின் ஆயில் பில்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரை பொருந்தியது. ஆனால் அடியில் நாலு விரல் அளவு கூடுதலாக நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆயில் கூடப் பிடிக்கும், இன்ஜின் சூடாகாது" என்றான் அண்ணன்.

மெக்கானிக் அண்ணாச்சி குனிந்து பார்த்து, "உப்பள வரப்புல இடிக்காது, தாராளமா இருக்கு" என்றார். வண்டி அப்போது காலி. உப்பு ஏற்றி வந்தால் எங்கள் தெரு வேகத்தடையிலேயே அடி உரசும். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

அண்ணன் முந்திக்கொண்டான். "அண்ணாச்சி, இவ அலமாரி அலமாரியா படிச்சிருக்கா. பொண்ணு பாக்க வந்தவன் ஒருத்தனும் திரும்பி வாரதில்ல."

"வாயத் திறந்திருப்பா" என்றார் அண்ணாச்சி. கடையே சிரித்தது.

"ஏளா, மாட்டலாமா?" என்று அண்ணன் கேலியாகக் கேட்டான்.

"மாட்டுண்ணே" என்றேன்.

புது உப்பளத்தில் இன்று அவனுக்கு முதல் லோடு. வண்டி ஓடினால்தான் அவன் வீட்டில் அடுப்பு எரியும். அது தெரிந்தேதான் சொன்னேன். பிறகு வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படித்தேன். அந்த நிம்மதிதான் இப்போது உறுத்துகிறது. சொல்லாமல் விட்டது இன்னும் உறுத்தவில்லை.

மதியம் உப்பு ஏற்றிக்கொண்டு வந்தபோது முதல் வரப்பிலேயே இடித்துப் பில்டர் கிழிந்துவிட்டது. ஆயில் வடிவது தெரியாமல் மெயின் ரோடு வரை ஓட்டியிருக்கிறான். இன்ஜின் ஜாம். மூட்டைகளை வேறொரு வண்டி ஏற்றிப் போயிற்று. இனி அந்த வண்டியே வரட்டும் என்று உப்பளக்காரர் சொல்லிவிட்டார்.