பதினேழில் ஒன்று

இன்று காலை அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு நிரலை நடுவில் நிறுத்தி, எண்களை வரிசையாக வைத்திருக்கும் அணி ஒன்றைக் காட்டச் சொன்னேன். எத்தனை எண்கள் என்பது ஓடும்போதுதான் தீர்மானமாகும் அணி. ஓடும் நிரலின் உள்ளே இருப்பதைக் காட்டும் கருவியான டிபக்கர், இந்தப் புதியது, கடைசி எண் வரை காட்டியது. அதற்கு மேல் எனக்கு வேலை ஓடவில்லை. உன் முகம்தான் வந்தது.

பாளையங்கோட்டையில் எம்.சி.ஏ. கடைசி வருடம். தாமிரபரணிக் கரை ஊர்களின் மழை அளவைத் தொகுப்பது நம் இருவரின் புராஜெக்ட். எத்தனை ஊரிலிருந்து அளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அணியில் நூறு இடம் ஒதுக்கிவிடலாம் என்றேன். "ஏட்டி, வராத ஊருக்கும் சேத்தா எல போடுவாங்க?" என்று சிரித்தாய். வந்த அளவுகளுக்கு மட்டும் இடம் எடுக்கும்படி எழுதினாய்.

சென்னைக் கம்பெனி ஒன்றின் வேலைக்கு நம்மில் ஒருத்தியைத்தான் நம் புராஜெக்ட் சாரால் பரிந்துரைக்க முடியும். அவர் பார்க்க வந்த அன்று பதினேழு ஊரின் அளவு வந்திருந்தது; டிபக்கரில் உன் அணியைத் திறந்தவள் நான்.

"பதினேழு இருக்கணும்லா? ஒண்ணுதான இருக்கு" என்றார்.

"டிபக்கர் தப்பாக் காட்டுது சார். உள்ள எல்லாம் இருக்கு, பிரிண்ட் போட்டுக் காட்டுதேன்" என்றாய்.

"ஓ, மிஷின் பொய் சொல்லுதாக்கும்? நல்ல கதையா இருக்கே!" உன் பகுதியை நீக்கிவிட்டு அதை நானே எழுதும்படி சொல்லிப் போய்விட்டார்.

நீக்குவதற்கு முன் நான் தனியாகப் பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். பதினேழும் சரியாக இருந்தன. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், அணியின் நீளத்தை டிபக்கருக்குக் குறித்துவைக்கவில்லை; அதனால் அது முதல் எண்ணை மட்டும் காட்டியது, அவ்வளவுதான். சாரின் அறை இரண்டு கதவு தள்ளி இருந்தது. நான் அங்கே போகவில்லை. சென்னைக்குப் போனேன்.

உவரியில் உன் கல்யாணத்தன்று, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே கேட்டாய்: "ஏட்டி, அன்னைக்கு நீயாவது பிரிண்ட் போட்டுப் பாத்தியா?"

"இல்ல" என்றேன்.

"அதான பாத்தேன். பாத்திருந்தா சார்ட்ட சொல்லாம இருந்திருப்பியா?" என்று என் தலையில் பூ வைத்துவிட்டாய். நான் குனிந்து கொடுத்தேன்.

போன மாதம் உன் அடக்கத்துக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் அழுதுகொண்டே என்னை எல்லோருக்கும் காட்டினார். "இவங்க ஒருத்திய மட்டும் அவ எதுலயும் சந்தேகப்பட்டதே இல்ல" என்றார். அந்தச் சொல்லோடு பஸ் ஏறியவள்தான். எங்கே இறக்கிவைப்பது என்று இன்னும் தெரியவில்லை.